வாரில் எழுதிய நேரம்

ரப்பர் பொம்மையின் தொடையில் ரத்தத்தை நிறுத்தும் வாரைச் சுற்றி, குச்சியை முறுக்கி இறுக்கி, அதன்மேல் நேரத்தை எழுதி முடிக்க லுபோவாவுக்கு நாற்பது விநாடிகூட ஆகவில்லை. முகோனோவில் நடந்த ஆம்புலன்ஸ் பயிற்சி வகுப்பில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆறு வருடம் வாடகை பைக் ஓட்டியவன். சாலையில் ரத்தம் பார்த்துப் பழகியவன்.

"நேரத்தை எதுக்கு எழுதணும்?" என்றாள் பயிற்சி தரும் நன்சுபுகா.

"கால் எவ்வளவு நேரமா ரத்த ஓட்டம் இல்லாம கட்டிக் கிடக்குதுன்னு டாக்டருக்குத் தெரியணும் மேடம்."

"சரி. எந்தத் தொடையில ரத்தம் வந்தா நீ தொட மாட்டே?"

எந்தத் தொடையானாலும் தொடுவேன் என்பதுதான் அவள் எதிர்பார்த்த பதில். லுபோவா யோசிக்கவே இல்லை. "என் மாமியார் தொடையை."

வகுப்பே சிரித்தது. நன்சுபுகாவும் சிரித்துவிட்டாள். மாமியார் எதிரே வந்தால் மருமகன் பாதையை விட்டு இறங்குவான். அவள் முகத்தை மூடிக்கொள்வாள். தொட்டுவிட்டால் கைகால் நடுக்கம் வரும், அது பிள்ளைகளையும் விடாது என்பது நம்பிக்கை. உகாண்டாவின் புகாண்டா பகுதியில் இதை யாருக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள்.

வியாழக்கிழமை காலை, சந்தைச் சாலையில் ஒரு கரும்பு லாரி வாடகை பைக்கை இடித்துத் தள்ளியது. நன்சுபுகாவும் களப் பயிற்சிக்கு வந்த லுபோவாவும் ஆம்புலன்ஸிலிருந்து குதித்தபோது மணி பத்து பத்தொன்பது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். பைக் ஓட்டியவனுக்கு மூச்சு இல்லை. நன்சுபுகா மண்டியிட்டு அவன் மார்பை அழுத்தத் தொடங்கினாள். பின்னால் உட்கார்ந்து வந்த பெண், சிதறிய மட்டோக்கே வாழைத்தார்களுக்கு நடுவில் கிடந்தாள். லாரியின் இரும்பு தொடையைக் கிழித்திருந்தது.

"பயப்படாதீங்கம்மா, ஆம்புலன்ஸ் வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே குனிந்தான் லுபோவா.

அந்தக் குரலைக் கேட்டதும் அவள் தன் புசூட்டி உடையின் முனையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவன் அப்படியே நின்றுவிட்டான். நபுகேன்யா. அவன் மனைவியின் தாய்.

"மேடம், இது என் மாமியார்."

"நான் கையை எடுத்தா இவன் செத்தான். அந்தம்மா உன் பொறுப்பு, பாரு."

லுபோவா பக்கத்தில் நின்ற தக்காளி விற்கும் பெண்ணிடம் துணிக்கட்டைத் திணித்தான். "அக்கா, இதைக் காயத்துல வெச்சு உடம்போட எடையெல்லாம் போட்டு அழுத்துங்க." அவள் மாவு தட்டுவதுபோல் இரண்டு தட்டுத் தட்டினாள். விரலிடுக்கில் சூடாக ரத்தம் வந்ததும் எழுந்து ஓடிவிட்டாள்.

லுபோவா முழங்காலை மடக்கினான். அவன் சட்டைக் காலரைப் பிடித்து ஒரு கை இழுத்தது. சந்தையிலிருந்து ஹெல்மெட்டும் கையுமாக ஓடி வந்த கயோங்கோ, மாமியாரின் மகன். கல்யாணத்தில் வழக்கப்படி மாப்பிள்ளையிடம் சேவல் வாங்கிக்கொண்டு தங்கையைக் கொடுத்தவன். கொடுத்த நாளிலிருந்தே இந்த பைக்குக்காரனைப் பிடிக்காதவன்.

"தொட்டே, சேவல் திரும்பி வரும். என் தங்கச்சி இன்னிக்கே எங்க வீட்டுக்கு வந்துடுவா."

"கையுறை போட்டிருக்கேன் மச்சான். தோல் படாது."

"மாமியார் தொடையில கை வெக்க ரப்பர் ஒரு சாக்கா?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். "ஆஸ்பத்திரியில பொம்பள நர்ஸ் பாத்துக்குவா, அப்படியே தூக்கிப் போடுங்கப்பா" என்றான் ஒருவன். "படிச்சிட்டா வெக்கம் போயிடுமோ" என்றாள் ஒருத்தி.

"அப்ப நீ அழுத்து மச்சான்."

"பெத்தவ தொடையில நான் எப்படிடா கை வெப்பேன்?"

லுபோவா நின்றான். நபுகேன்யா முழங்கையை ஊன்றி அவனிடமிருந்து விலகி நகர்ந்துகொண்டிருந்தாள். ஒரு சாண். இன்னொரு சாண். தார்ச்சாலையில் சிவப்பாக ஒரு கோடு அவளைத் தொடர்ந்து வந்தது. பிறகு முழங்கை நின்றது. முகத்தின் மேலிருந்த துணி மூச்சுக்கு அசைகிறதா என்றே தெரியவில்லை.

"அடங்கிட்டா, வலி விட்டிருச்சு" என்றது கூட்டம்.

ரத்தம் போகிறவர் அடங்குவது வலி விட்டதால் அல்ல. வகுப்பில் முதல் வாரம் சொன்னது அது. லுபோவா காலரை உதறிக்கொண்டு விழுந்து, இரு கைகளாலும் காயத்தை அழுத்தினான். கயோங்கோவின் ஹெல்மெட் அவன் முதுகில் இறங்கியது. மறுபடி இறங்கியது. அவன் கையை எடுக்கவில்லை. காயத்துக்கு மேலே வாரைச் சுற்றினான், முறுக்கினான், ரத்தம் நிற்கும்வரை முறுக்கினான். ஹெல்மெட் மூன்றாவது முறை இறங்கியபோது அவன் பேனாவை எடுத்து வாரில் எழுதிக்கொண்டிருந்தான்: பத்து இருபத்து நாலு.

ஆம்புலன்ஸ் கதவை மூடும்போது அவன் விரல்கள் உதறின. "பாத்துக்கோங்க, கை நடுங்குது. ஆரம்பிச்சாச்சு" என்று கயோங்கோ ஊருக்கே கேட்கச் சொன்னான்.

பைக் ஓட்டியவன் பிழைக்கவில்லை. நபுகேன்யா இரண்டு நாள் கண் திறக்கவில்லை. விபத்தன்று மாலையே லுபோவா வீட்டுக்குப் போனபோது கதவுத் தாழ்ப்பாளில் கால் கட்டிய சேவல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மனைவியும் இல்லை, அவள் துணிமணியும் இல்லை.

வெள்ளிக்கிழமை நன்சுபுகா மதிப்பெண் தாளை அவன் முன் போட்டாள். தோல்வி. "அஞ்சு நிமிஷம் நின்னே. உன்னை ஃபெயில் பண்றேன். அன்னிக்கு உன்கூடச் சிரிச்சேன் பாரு, என்னையும் யாராவது ஃபெயில் பண்ணணும்."

ஐந்தாம் நாள் மாமியார் அவனை வரச் சொன்னாள். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. திரைக்கு வெளியே அவன் நின்றான். திரையோரம் நாற்காலியில் கயோங்கோ அவனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இந்த வார்ல இருக்கறது உங்க கையெழுத்தா மாப்ள? நர்ஸ் காட்டினா."

"ஆமாம்மா."

"வண்டி எப்ப வந்துச்சு?"

"பத்து பத்தொன்பது."

"அஞ்சு நிமிஷம் என்ன பண்ணீங்க?"

"உங்களுக்கு மரியாதை பண்ணிட்டு நின்னேம்மா."

அவள் திரையை விலக்கினாள். மூடாத முகம், வெளிறிப்போன முகம், அவனை நேராகப் பார்த்தது. கயோங்கோ பதறி எழுந்தான். "அம்மா, மூடிக்கோ. இவன் கையைப் பாரு, இன்னும் நடுங்குது."

"என் கையும்தான் நடுங்குது. ரத்தம் போச்சுடா, அதனால. உக்காரு." அவள் மூச்சு வாங்கினாள். "இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா சவத்துக்குச் சுத்துற மரப்பட்டைத் துணியில சுத்தி நீயே என் முகத்தை மூடியிருப்பே. அப்ப உன் மானம் குறையாம இருந்திருக்கும், இல்ல? நானும் முட்டாள்தான். உயிரைக் காப்பாத்த வந்தவனை விட்டுத் தவழ்ந்து ஓடினேன்."

கயோங்கோ நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனான். அவன் முதுகைப் பார்த்தே அவள் சொன்னாள், வராந்தாவில் எல்லோருக்கும் கேட்கும்படி:

"அந்தச் சேவலை நீயே திரும்ப எடுத்துட்டுப் போ. என் பொண்ணை அவ புருஷன் வீட்டுல விடு. உயிர் போற நேரத்துல காட்டுற மரியாதை மரியாதை இல்லடா, அது சாவுக்கு வழி விடுறது. காப்பாத்த வர்ற கைக்கு மாமியாரும் கிடையாது, மருமகனும் கிடையாது."