ரேடியோவில் ஜலஜா

“வான்கோழிக்கு மசாலா தடவச் சொன்னாளாம் ஜலஜா! முட்டைகூடத் தொடமாட்டா அவ. இன்னிக்கே போன் பண்ணி ஸ்டாப் பண்ணச் சொல்லுடா, சிவா.”

காரை ஓட்டியபடியே பிச்சுமணி கத்தினான். கலிபோர்னியாவின் டப்ளினிலிருந்து சான் ரமோன் ஆபீசுக்கு இருவரும் ஒரே காரில்தான் போவார்கள். ரேடியோவில் காலை நிகழ்ச்சிக்காரர் டூகல் கின்னேர்ட் தன் ஸ்காட்லாந்து உச்சரிப்பில் ஜலஜா சொன்னதாக எதையோ இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

சிவராமகிருஷ்ணன் ரேடியோ சத்தத்தைக் குறைத்தான். அவன் மனைவி ஜலஜா இறந்து எட்டு மாதம். டூகலுக்கு அது தெரியாது.

எண்பத்து நாலில், கல்யாணமான புதிதில், அவனும் ஜலஜாவும் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நகைச்சுவைக் கிளப்புக்குப் போனார்கள். சொந்த ஊர் அபர்டீனில் வாத்தியார் வேலையை உதறிவிட்டு வந்த டூகல் அப்போது மதுக்கடைகளில் ஜோக் சொல்ல மேடையேறிக்கொண்டிருந்தார். முன் வரிசை காலியாகக் கிடந்தது. “யாருமே உக்காரலை பாருங்கோ, மக்கு ஜனங்க!” என்று ஜலஜா அவனை இழுத்துக்கொண்டு போய் நட்ட நடுவில் உட்கார்ந்தாள். மெட்ராஸ் சபாவில் முன் வரிசை என்றால் பெரிய மனிதர்களுக்கு. இங்கே அது ஜோக் சொல்கிறவரிடம் மாட்டிக்கொள்கிறவர்களுக்கு என்று இருவருக்கும் தெரியவில்லை.

டூகல் மேடையிலிருந்து குனிந்தார். “அம்மணி, நான் பேசறது புரியுதா?”

“பாதி புரியறது. மீதிப் பாதி டிக்கெட் காசைத் திருப்பிக் குடுத்துடுங்கோ” என்றாள் ஜலஜா, தன் கான்வென்ட் ஆங்கிலத்தில்.

கிளப்பே அதிர்ந்தது. டூகல் சிரித்த சிரிப்பில் அடுத்த ஜோக்கை மறந்துவிட்டார். ரேடியோவில் காலை நிகழ்ச்சி கிடைத்ததும் அவள் பெயரையும் கூட்டிக்கொண்டு போனார். பனிமூட்டமா, தேர்தலா, ஃப்ரீவே நெரிசலா, எதற்கும் “முன் வரிசை ஜலஜா என்ன சொல்கிறாள் தெரியுமா?” என்பார். ஜலஜா காபி டம்ளரோடு ரேடியோ பக்கத்தில் நின்று, “நான் எப்போ சொன்னேன்? புளுகன்!” என்று பூரித்துப் போவாள்.

இப்போதும் அவள் தினமும் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அவள் சொல்லாததை எல்லாம்.

ஆபீஸில் தன் மேஜைக்குப் போனதும் சிவராமகிருஷ்ணன் ரேடியோ ஸ்டேஷனுக்குப் போன் போட்டான். முன் வரிசை ஜலஜாவின் கணவன் என்றதும், பாட்டு ஓடிக்கொண்டிருந்த இடைவெளியில் டூகலே லைனுக்கு வந்துவிட்டார்.

“ஐயா! நானே உங்களைத் தேடிட்டு இருந்தேன். வெள்ளிக்கிழமையோட இங்கே முடியுது. லாஸ் ஏஞ்சல்ஸ்ல டிவி! ஜலஜாவையும் கூட்டிட்டுப் போறேன். சம்மதமான்னு அவங்களைக் கேளுங்க.”

“அவ இல்லை, மிஸ்டர் கின்னேர்ட். மார்ச்ல இறந்துட்டா. மூளையில ரத்தக் கசிவு.”

அந்தப் பக்கம் பாட்டு முடியப் போகிற மாதிரி இருந்தது. “லைன்லயே இருங்க” என்றார். நேயர்களுக்கு இரண்டே வார்த்தை சொல்லிவிட்டு வேறொரு இசைத்தட்டை வைத்தார். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

“தெரியாம பேசிட்டே இருந்திருக்கேன். நிறுத்திடறேன்.”

அதைக் கேட்கத்தான் போன் போட்டான். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக் காலை காரில் அவள் பெயர் வராது. அதற்கடுத்த நாளும் வராது.

“வான்கோழி விஷயம் தப்பு” என்றான் சிவராமகிருஷ்ணன்.

“எப்படி?”

“அவ சைவம். பக்கத்து வீட்டுக்காரங்க தேங்க்ஸ்கிவிங் வான்கோழி விருந்துக்குக் கூப்பிட்டப்போ ஹேண்ட்பேக்ல தயிர் சாதம் எடுத்துண்டு வந்தா. மேஜையில செக்கச்செவேல்னு கிரான்பெரி சாஸ் இருந்தது. ஊறுகாய்னு நினைச்சுண்டு நிறையப் போட்டுண்டா. ஒரு வாய் வச்சதும் ஒரே தித்திப்பு; என் காதுல, ‘பாவம், உப்பும் காரமும் போட மறந்துட்டா. காட்டிக்காதீங்கோ’ன்னா. அத்தனையும் சாப்பிட்டு முடிச்சா.”

டூகல் சிரித்தார். ரேடியோவில் கேட்கிற சிரிப்பு இல்லை இது. சின்னது, மூக்கால் வந்தது. எட்டு மாதத்தில் அவளைப் பற்றி இவ்வளவு நீளமாக யாரிடமும் பேசியதில்லை என்று சிவராமகிருஷ்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது.

“அப்புறம்?” என்றார் டூகல். “நீளமான பாட்டாத்தான் போட்டிருக்கேன்.”

மீட்டிங்குக்கு நேரமாகிறது என்று பிச்சுமணி வாசலில் வந்து நின்றான். நீ போ என்று கையைக் காட்டிவிட்டு, சிவராமகிருஷ்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“அப்புறம், வீட்டுக்கு வந்ததும்...” என்று தொடங்கினான்.