தாயம்மா வீட்டு ஸ்பேனர்

வாணி பித்தளைக் குடத்தை எடுக்கக் குனிந்தாள். அவளுக்கு முன்பே மமதாவின் கை அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

"வேணா அண்ணி. நான் போறேன்."

"நீ அவரு பொண்ணு. மருமவதான் எடுக்கணும். வுடு."

"எங்க மாமியார் வூட்டு ஜனம் அத்தினியும் பந்தல்ல குந்திக்கினு இருக்குது. அவங்க எதிர்ல ஒரு ரகளை ஆச்சுன்னா இன்னா பண்றது?"

"ஆவட்டும்."

மமதா பிடியை விடவில்லை. நாத்தனார் கெட்டவள் இல்லை என்பது வாணிக்குத் தெரியும். பங்காருப்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட வீட்டில் நான்கு வருடமாக அவளுக்குக் 'கொலைகாரி வூட்டுப் பொண்ணு' என்றுதான் பேர். வெளியே பெஞ்சில் வாணியின் மாமனார் ராஜப்பா கிடந்தார். கல்தூசி தின்று தீர்த்த அந்த நெஞ்சு விடியற்காலையில்தான் இரைச்சலை நிறுத்தியிருந்தது. அப்பாவை ஒரு வம்பும் இல்லாமல் வழியனுப்பிவிட வேண்டும் என்று மகள் நினைத்ததில் தப்பு இல்லை. ஆனால் தப்பு இல்லாத ஆசைகளுக்கெல்லாம் இத்தனை வருடமாக வழிவிட்டது தான்தானே என்று வாணிக்கு ஆத்திரமாக வந்தது.

பாலகாட்டில், சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அந்த லைனில் சாவு விழுந்தால், கடைசிக் குளியலுக்கான தண்ணீரை வீட்டு மருமகள்தான் லைன் குழாயில் பிடித்து வர வேண்டும். மேளம் முன்னால் போகும், லைன் பெண்கள் பின்னால் நடப்பார்கள். வீட்டு டிரம்மில் தண்ணீர் வழிந்தாலும் அது அன்றைக்குச் செல்லாது. அந்தக் குழாய் லைன் கோடியில் தாயம்மா வீட்டு வாசலில் இருந்தது. தாயம்மாவின் மகன் ரூபேஷைச் சுட்டவள் வாணி. அவளைக் கோர்ட் விடுதலை செய்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சமாதானம் பேச இன்பராஜ் உள்ளே வந்தார். சுரங்கம் நடந்த காலத்தில் யூனியனில் இருந்தவர். யூனியன் போன பிறகும் பஞ்சாயத்து பேசும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

"இன்னாம்மா இது? சாவு வூட்ல பிடிவாதம் புடிக்கலாமா? அடுத்த லைன் குழாய்ல புடிச்சிக்கோ. நீ எப்பவும் அங்கதான போற?"

"இன்னிக்குப் போவ மாட்டேன்."

"உன் கையால எடுத்தா பொம்பளைங்க பின்னால வரமாட்டேங்கறாங்கம்மா. நான் இன்னா பண்ணுவேன்?"

"வரவேணாம். நான் யாரையும் கூப்புடலயே."

இன்பராஜ் வாசல் வழியே வாணியின் புருஷன் உதயைப் பார்த்தார். விடியுமுன் பெங்களூர் ரயிலைப் பிடித்து இருட்டிய பிறகு வீடு திரும்பும் மனிதன் அவன். எதிர்த்துப் பேசி யாரும் கேட்டதில்லை. அப்பாவின் தலைமாட்டில் நின்றிருந்தவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அப்பா சொன்னது அதான் மாமா. அவ போவட்டும்."

மமதாவின் கை தானாகவே தளர்ந்தது.

ராஜப்பா சொன்னது உண்மை. தீர்ப்பு வந்த அன்று, தலையணையில் சாய்ந்தபடி மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார்: "இனிமே சுத்திப் போவாத." ஜாமீனில் வந்த நாள் முதல் வாணி லைன் குழாய்ப் பக்கம் போனதே இல்லை. மேட்டில் ஏறி, அடுத்த லைனுக்குப் போய், இடுப்பு ஒடிய இரண்டு குடம் சுமந்து வருவாள். யாரும் அவளைத் தடுத்ததில்லை. அவளாகவே போட்டுக்கொண்ட தண்டனை அது. கோர்ட் விட்ட பிறகும் அவள் அதை விடவில்லை என்பதுதான் அந்த மனிதரை அரித்தது.

ரூபேஷைச் சுட்ட அன்று நடந்தது இதுதான். லைன் பையன்களுக்கு ரூபேஷ் தலைவன் மாதிரி. கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு மைக் செட் கட்டுவதும் அவன்தான், சரக்கு ஏறினால் பெண்களை வழிமறிப்பதும் அவன்தான். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் வாணியின் கையைப் பிடித்தான். அவள் செருப்பைக் கழற்றினாள். நாலு பேர் பார்க்க அடி வாங்கியவன், அன்று சாயங்காலமே வெட்டுக்கத்தியோடு வந்து கதவை உதைத்தான். உதய் இன்னும் ரயிலில் இருந்தான். வீட்டில் வாணியும் குழந்தையும், கட்டிலைவிட்டு இறங்க முடியாத மாமனாரும்தான். சுரங்கம் மூடிய பிறகு ஒரு பேங்கில் காவலுக்கு நின்றவர் ராஜப்பா. லைசென்ஸ் துப்பாக்கி அவருடையது. "மூணு தரம் சொல்லு. அப்பறமும் வந்தான்னா சுடு" என்றார்.

சுரங்கத்தில் வெடி வைப்பவன் திரியைக் கொளுத்துமுன் 'ஃபயர்' என்று மூன்று தரம் கத்த வேண்டும். காதில் விழுந்தவர்கள் ஒதுங்கிவிட வேண்டும். வாணி சுரங்கத்துக்குள் இறங்கியவள் இல்லை. ஆனாலும் அந்த நேரத்தில் அவள் வாயில் வந்தது அந்தச் சொல்தான். மூன்று தரமும் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். லைன் முழுக்கக் கேட்டது. கேட்டவர்கள் தங்கள் அப்பனும் தாத்தனும் செய்ததையே செய்தார்கள்: கதவைச் சாத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். 'காப்பாத்துங்க' என்று அலறியிருந்தால் ஒருவேளை யாராவது ஓடி வந்திருக்கலாம். ரூபேஷுக்கும் கேட்டது. அவன் மட்டும் ஒதுங்கவில்லை. உடைந்த கதவுக்குள் தோளை நுழைத்தான்.

கோர்ட்டில் லைன்காரர்கள் ஒவ்வொருவராக ஏறி, டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். எச்சரிக்கவே இல்லை, வேண்டுமென்றே சுட்டாள் என்று அரசு வக்கீல் பிடித்துக்கொண்டார். கடைசியில் தாயம்மாவைக் கூப்பிட்டு, அவளும் அதையே சொல்வாள் என்று நம்பிக் கேட்டார். அவள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கேட்டுச்சு. மூணு தரம் கத்துனா. நான் எண்ணுனேன்."

பெற்றவளே இப்படிச் சொன்னாளே என்று ஊர் மண்டையை உடைத்துக்கொண்டது. ராஜப்பாவுக்குத் தெரியும். தாயம்மாவின் புருஷன் சுரங்கத்துக்குள்ளே வெடியில் செத்தவன். அன்று கத்த வேண்டியவன் கத்த மறந்துவிட்டான். விசாரணையில் கூட்டாளிகள் எல்லாரும், கத்தினோம், அவன்தான் ஒதுங்கவில்லை என்றார்கள். "ஒருத்தனும் கத்தல" என்று சொன்னது ராஜப்பா ஒருவர்தான். அந்த மூன்று தரத்தில் பொய் சொல்வது எப்படிப்பட்டது என்று தாயம்மா பட்டுத் தெரிந்தவள்.

சுட்ட அன்று கதவைத் திறக்காத ஊர், தீர்ப்பன்று வாயைத் திறந்தது. ஒரு கட்சிக்காரர்கள் 'பாலகாட்டின் வீரமங்கை' என்று வாணியின் ரேஷன் கார்டு படத்தைப் பெரிதாக்கி, கையில் யாருடைய துப்பாக்கியையோ ஒட்டி பேனர் கட்டினார்கள். எதிர்ப்பக்கத்துப் பேனரில் ரூபேஷ் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேகத்துக்குள்ளிருந்து சிரித்தான். யூடியூப்காரன் ஒருவன் வந்து, ட்ரிக்கரை அழுத்தும்போது என்ன தோன்றியது என்று கேட்டான். சால்வை போர்த்த வந்தவர்களையும் மண்ணை வாரித் தூற்றியவர்களையும் வாணி ஒரே வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பினாள். தன் பேனரை அவளே ஏணி போட்டு ஏறி அறுத்தாள். அவள் ஒரு தரம் பொது இடத்தில் அழுதிருந்தால் ஊர் அவளை மன்னித்திருக்கும். அவளுக்கு அழுகை வரவில்லை, வராததை அவள் மறைக்கவும் இல்லை.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வாசலைத் தாண்டினாள். மேளக்காரர்கள் இன்பராஜைப் பார்த்தார்கள். அவர் வானத்தைப் பார்த்தார்.

"அடிக்கறதுக்குத்தான வந்தீங்க? அடிங்க" என்றாள் வாணி.

மேளம் புறப்பட்டது. பந்தலில் ஒரு பெண்ணும் எழுந்திருக்கவில்லை. இரண்டு பக்கமும் தகரக் கூரைகள், பாதி திறந்த கதவுகள், கதவுக்கு ஒன்றாய் முகங்கள். வாணி குடத்தை இறுக்கிக்கொண்டு நடந்தாள்.

குழாயடியில் பைக்கைக் குறுக்கே நிறுத்தி ரூபேஷின் சேக்காளிகள் சாய்ந்திருந்தார்கள். அவர்களில் ராஜ்குமார் என்பவன் போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். தாயம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழாய்க்குப் பிடி கிடையாது. பித்தளை என்று எவனோ கழற்றிப்போய் வெகுகாலம் ஆகிறது. ஸ்பேனர் வைத்துத்தான் திருக வேண்டும், ஸ்பேனர் தாயம்மா வீட்டில்தான் இருக்கும். தண்ணீர் வேண்டியவர்கள் அவளைக் கேட்டு வாங்க வேண்டும்.

மேளம் தானாக நின்றது.

"அத்தை, ஸ்பேனர் குடுங்க."

தாயம்மா குடத்தைப் பார்த்தாள், பிறகு அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

"நாலு வருசமா மேட்டுல ஏறித்தான போய்க்கினு இருந்த? என்னப் பாத்தா பயமா?"

"பயமில்ல. உங்க மூஞ்சில முழிக்க முடியல."

"இப்ப முடியுதா?"

"இப்பவும் கஷ்டமாத்தான் இருக்குது. ஆனா மாமா சுத்திப் போவாதன்னாரு."

தாயம்மா முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"கோர்ட்டுல நான் கேட்டத சொன்னேன். அத்தோட சரி. தாயம்மா உன்ன மன்னிச்சிட்டான்னு எவனாவது சொன்னா நம்பாத."

"மன்னிப்பு கேக்க வரல அத்தை. தண்ணிக்கு வந்தேன்."

"பாத்தீங்களா திமிர?" என்றான் ராஜ்குமார், போனை இறக்காமல்.

தாயம்மா அவன் பக்கம் திரும்பவில்லை. "ஒன்னு கேக்கறேன். மறுபடியும் ஒருத்தன் அதே மாதிரி வந்தா இன்னா பண்ணுவ?"

சுட மாட்டேன் என்று வாணி ஒரு வார்த்தை சொன்னால் போதும். கதவுகளில் தொங்கிய முகங்கள் எல்லாம் அதற்காகத்தான் காத்திருந்தன. அதைச் சொன்னால் மாமனாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அன்று அவள் செய்ததெல்லாம் பொய்யாகிவிடும்.

"சுடுவேன்" என்றாள். "மூணு தரம் சொல்லிட்டு, சுடுவேன்."

தாயம்மா கண்களை மூடினாள். பிறகு முழங்காலில் கை ஊன்றி எழுந்து வீட்டுக்குள் போனாள். போனவள் வரவில்லை. முடிந்தது கதை என்று பைக் கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வாணி குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்துவிட்டு நின்றாள். அந்த ஸ்பேனர் சாயங்காலம்தான் வரும் என்றால் சாயங்காலம்வரை நிற்பதாக அவள் முடிவு செய்திருந்தாள்.

தாயம்மா ஸ்பேனரோடு வெளியே வந்தாள்.

"போன உள்ள வைடா" என்றாள் ராஜ்குமாரிடம். "பொழுதெல்லாம் எம்புள்ள போட்டோவ வச்சுக்கினு சுத்தறீங்களே, அன்னிக்கு அவன் கத்தி எடுத்துக்கினு கெளம்பும்போது எங்கடா போயிருந்தீங்க? வண்டிய எடு. ராஜப்பாண்ணனுக்குத் தண்ணி போவணும்."

அவன் போனைப் பைக்குள் வைத்தான். பைக் நகர்ந்தது.

ஸ்பேனரை வாணியிடம் கொடுக்கவில்லை. தாயம்மாவே திருகினாள். பித்தளைக்குள் தண்ணீர் விழுந்த சத்தத்தில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். குடம் நிறைந்ததும் திருகி மூடினாள். தூக்கிவிடக் கை நீட்டவில்லை. வாணியும் எதிர்பார்க்கவில்லை. மூச்சைப் பிடித்துத் தானே தூக்கி இடுப்பில் வைத்தாள், பாதிப் புடவை நனைந்தது. மேளம் மறுபடி எழுந்தது.

லைன் நடுவில் மமதா எதிரே வந்துகொண்டிருந்தாள். அழுத முகம். அண்ணியின் பின்னால் சேர்ந்து நடந்தாள். பங்காருப்பேட்டைக்காரர்கள் பந்தலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் சொம்பை வாணி ராஜப்பாவின் நெஞ்சில்தான் ஊற்றினாள். விலா எலும்புகளுக்கு நடுவில் தண்ணீர் தங்கித் தங்கி வழிந்தது. "சுத்திப் போவல மாமா" என்று சொல்ல நினைத்தாள். அடுத்த சொம்பை மொண்டாள். அவளுக்கு அந்த மனிதர்மேல் இருந்தது மரியாதை என்றுதான் இத்தனை நாள் எண்ணியிருந்தாள். அது பாசம் என்று அப்போதுதான் தெரிந்தது. புதைத்துவிட்டு ஆண்கள் திரும்பியபோது வெயில் தணிந்திருந்தது. தாயம்மா வரவில்லை. வாய்க்கரிசி போடவும் வரவில்லை.

மறுநாள் காலையில் சமாதியில் பால் தெளிக்கப் போக வேண்டும். வாணி பிளாஸ்டிக் குடத்தோடு வாசலில் நின்றாள். கால் பழக்கத்தில் மேட்டுப் பக்கம் திரும்பியது. திருப்பிக்கொண்டு லைன் கோடிக்கு நடந்தாள்.

குழாயடியில் மூன்று நான்கு பெண்கள் இருந்தார்கள். முன்னால் நின்ற பார்வதம்மா, கோர்ட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது என்று சொன்னவள், தன் குடத்தைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

"நீ மொதல்ல புடிச்சிக்கம்மா. பாலுக்குப் போவணும் இல்ல?"

"வேணாம். வரிசையிலயே வரேன்."

குடத்தைக் கடைசியில் வைத்தாள். தாயம்மா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஸ்பேனர் கேட்க அந்தக் கதவைத் தட்ட வேண்டுமே என்று நினைத்தபடி குழாயைப் பார்த்தாள். தாயம்மா ஒரு நிமிஷம்கூட வெளியே விட்டு வைக்காத அந்த ஸ்பேனர் குழாயிலேயே மாட்டியிருந்தது.

"காத்தாலயே மாட்டிவச்சிட்டு உள்ள போயிடுச்சு" என்றாள் பார்வதம்மா. "யாரும் கூப்புட வேணாமாம்."

தன் முறை வரும்வரை வாணி சாத்திய கதவுக்கு எதிரிலேயே நின்றாள்.