சங்கக் கடையில் சீனடி

நாவற்குடாக் கூட்டுறவுச் சங்கக் கடை மனேச்சர் தங்கராசாவுக்கு இந்த உலகத்தில் பயம் இரண்டு. ஒன்று வள்ளம், மற்றது புஸ்பம். வள்ளத்தில் ஏறினால் கரை கண்ணுக்குத் தெரியும்போதே அவருக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். புஸ்பம் வரிசையில் வந்து நின்றாலோ குடல் இருந்த இடமே தெரியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சண்டையில் மின்கம்பங்கள் சரிந்து, வீட்டுக்கு வீடு குப்பி விளக்கு எரிந்த காலம். அந்த விளக்குக்கும் மண்ணெண்ணெய் எப்போதாவதுதான் வரும். வருகிற அன்று சங்கக் கடை வாசலில் சனம் தேர்த்திருவிழாவுக்கு வந்ததுபோல் நிற்கும். ஆனால் தேருக்கு முன்னால் கும்பிடுவார்கள், இங்கே இடிப்பார்கள். புஸ்பம் மூன்று கலன்களைக் கையில் கோத்துக்கொண்டு, முழங்கையால் வழி வெட்டி முன்னுக்கு வந்துவிடுவாள். போன முறை அந்த இடிபாட்டில் கடைக் கதவே பெயர்ந்து விழுந்தது. கதவோடு சேர்ந்து விழவேண்டிய தங்கராசா அப்போது மேசைக்கு அடியில் இருந்தபடியால் தப்பினார்.

சங்கத் தலைவர் இராசதுரை வந்து பெயர்ந்த கதவைப் பார்த்தார். பிறகு மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்.

"தங்கராசா, இன்னொருக்கா இஞ்ச கலவரம் எண்டு என்ர காதில விழுந்தா, உங்களப் பழுகாமத்துக் கிளைக்கு மாத்திருவன். அங்க சனம் குறைவு. மேசையும் பெருசு."

பழுகாமம் வாவிக்கு அந்தப் பக்கம். நாள்தோறும் காலையில் ஒரு வள்ளம், மாலையில் ஒரு வள்ளம். இடையில் இரண்டு பக்கத்துச் சோதனையும் உண்டு. வீட்டிலோ இழுப்பு வருத்தக்காரியான மனைவி அன்னப்பூரணி. அவளுக்கு மூச்சு முட்டுகிற நேரம் முதுகை நீவிவிட அவரைத் தவிர யாரும் இல்லை. தங்கராசா அன்றிரவு பிள்ளையாரிடம் முறையிட்டார். பிள்ளையார் ஒன்றும் சொல்லாதபடியால் அடுத்த நாள் காத்தான்குடிக்குப் போனார்.

காத்தான்குடியில் முனாப் என்றொரு நெசவுக்காரன் இருந்தான். தங்கராசாவைவிட இருபது வயது இளையவன். தறியில் கையும் காலும் ஓடுவதுபோலவே சீனடியிலும் ஓடும் என்று பேர் எடுத்தவன். சீனடி என்பது வெறுங்கையாலும் காலாலும் ஆடுகிற அடிமுறை. தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று இரண்டுக்கும் இடையில் பேச்சுக் குறைந்து, பார்வையும் குறைந்திருந்த காலம்தான். ஆனாலும் முனாப் தான் நெய்த சாரம் விற்கச் சங்கக் கடைக்கு வருவதை நிறுத்தவில்லை. தங்கராசாவும் அவனுக்கு ஒரு தேத்தண்ணி கொடுக்காமல் விட்டதில்லை. பெரிய மனிதர்கள் கூடிப் பேசிக் கட்டமுடியாத பாலத்தை இப்படியான தேத்தண்ணிக் கோப்பைகள் கட்டிவைத்திருந்தன.

"எனக்கு அடிக்கப் பழக்கித் தா தம்பி," என்றார் தங்கராசா.

"ஆருக்கு அண்ணன் அடிக்கப் போறீங்க?"

"ஆருக்கும் இல்ல. அடிப்பன் எண்டு தெரிஞ்சாக் காணும்."

முனாப் சிரிக்கவில்லை. தறிக்கொட்டிலுக்குப் பின்னால் மணல் வளவுக்குக் கூட்டிப்போனான். எதிரே நின்று குனிந்து வலது கையால் நிலத்தைத் தொட்டான், நெஞ்சைத் தொட்டான், நெற்றியைத் தொட்டான். கண் மட்டும் தங்கராசாவை விட்டு அகலவில்லை.

"இது சலாம் வரிசை. முதல் பாடம். எதிராளிக்கு முன்னால நாமதான் முதல்ல குனியணும். நான் உங்களக் கண்டுட்டன், நீங்களும் ஒரு ஆள் எண்டு சொல்லுற மாதிரி."

"அவ என்னக் கண்டாலே பாயிறவ தம்பி. குனிஞ்சா முதுகிலதான் விழும்."

"விழட்டும் அண்ணன். முதுகு நல்ல அகலமாத்தானே இரிக்கி."

உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த முனாப்பின் மனைவி றமீஸா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது வெளியில் நன்றாகக் கேட்டது.

ஒரு மாதமாகக் குனிந்ததுதான் மிச்சம். குனிவதற்கு எதற்குக் காத்தான்குடி வரவேண்டும், இருபத்தைந்து வருஷம் தலைவர்மாருக்குக் குனிந்தவர்தானே என்று தங்கராசாவுக்குச் சலித்தது. "அடி எப்ப, அடி எப்ப" என்று அவர் நச்சரித்ததில், முனாப் காலடி வைப்பதையும், வயிற்றிலிருந்து மூச்சை வெடித்து விடுகிற அதட்டலையும் காட்டிக்கொடுத்தான். அந்த அதட்டல்தான் அவருக்குப் பிடித்துப்போனது. கை வலிக்காது, கால் வலிக்காது, சத்தத்தோடு வேலை முடிந்துவிடும்.

விடியலில் வாவிக் கரைக்குப் போய் அதட்டிப் பழகினார். கொக்குகள் எழும்பிப் பறந்தன. தோணியில் வலை வைத்துக்கொண்டிருந்தவர்கள், "அண்ணே, மீனெல்லாம் தன்னாமுனைக்குப் போயிட்டு, இனி நீங்களும் போங்க," என்றார்கள். கடையில் ஆள் இல்லாத நேரம் பருப்பு மூட்டைக்கு முன்னால் காலடி வைத்து நின்றார். மதியச் சோறு கொண்டுவந்த அன்னப்பூரணி கதவடியில் நின்று பார்த்தாள்.

"மூட்டை என்ன சொல்லுது?"

"பயந்துபோய் நிக்கிது."

"நல்லது. மறுகா சோத்தத் தின்னுங்க."

மண்ணெண்ணெய் லொறி வந்த அன்று வெயில் ஏறுமுன்னே வாசல் நிறைந்துவிட்டது. வந்ததோ ஒரேயொரு பீப்பா. அதைக் கண்டதும் பின்னால் நின்றவர்கள் தள்ள, நடுவில் நின்றவர்கள் நெரிய, மூன்று கலனும் கையுமாகப் புஸ்பம் கதவை நோக்கி வந்தாள். புதுக்கதவு முனகியது. தங்கராசாவின் கண் ஒருமுறை மேசைக்கு அடியில் போய்வந்தது. அங்கே வாவியும் வள்ளமும் தெரிந்தன. ஒரே பாய்ச்சலில் வாசற்படியில் ஏறி, காலை அகட்டி வைத்து, அடிவயிற்றிலிருந்து அதட்டினார்.

அவர் எதிர்பார்த்தது, சனம் ஓரடி பின்வாங்கும் என்று.

சனம் பின்வாங்கவில்லை. படுத்துவிட்டது.

இத்தனை வருஷச் சண்டை அந்தச் சனத்துக்குப் பழக்கிய பாடம் அது. திடீரென்று வெடித்த சத்தம் எது என்று யாரும் விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை. கை தலைக்கு, நெஞ்சு நிலத்துக்கு. ஒரு கண் சிமிட்டுக்குள் வாசல் முழுக்க முதுகுகளாகிவிட்டது. புஸ்பம் மூன்று கலன்களுக்கும் மேலே படுத்திருந்தாள். சந்திக் காவலரணில் நின்ற ஆமிக்காரப் பொடியனின் தொப்பி மணல்மூட்டைக்குப் பின்னால் மறைந்தது. ஊர் முழுக்க நிமிர்ந்து நின்றது தங்கராசாவும், ஒரு ஆடும்.

வாழ்க்கையில் முதல்தடவையாக எல்லாரும் அவருக்கு அடங்கிக் கிடந்தார்கள். அவருக்கோ அழுகை வந்தது. படியின் ஓரத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் வயிற்றை அணைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். இந்தச் சனத்தை இன்னொருவன் வந்து பயமுறுத்த வேண்டுமா என்று நெஞ்சு கேட்டது. அதட்டல் போன இடம் தெரியவில்லை. படியை விட்டு இறங்கி, காலடியில் கிடந்த புஸ்பத்துக்கு முன்னால் குனிந்தார். தடுமாற்றத்தில் கை நிலத்தில் ஊன்றியது. முனாப்பின் மணல் வளவு ஞாபகம் வந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

"ஒண்டுமில்ல தங்கச்சி. அது நான்தான். ஒழும்புங்க."

புஸ்பம் ஒரு கண்ணைத் திறந்தாள். இவ்வளவு கிட்டத்தில் மனேச்சரின் முகத்தை அவளும் கண்டதில்லை.

"நீங்களா? என்ன நடந்தது, பாம்பு கடிச்சிட்டா?"

"இல்ல. கைய நீட்டுங்க."

"என்னை உடுங்க. அங்க ஓரத்தில சீதேவிப்பிள்ளை, மாசம் நிறைஞ்ச புள்ள, கிடக்கிறா. முதல்ல அவவத் தூக்குங்க."

இருவருமாகச் சீதேவிப்பிள்ளையைத் தூக்கிக் கதவடி நிழலில் இருத்தினார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை, மண் மட்டும்தான். அடுத்ததாக இடிபாட்டில் பின்னால் ஒதுக்கப்பட்டிருந்த வயதானவர்கள். ஒவ்வொருவருக்கும் முன்னால் தங்கராசா குனிந்தார், நிலத்தைத் தொட்டார், பேர் சொல்லித் தூக்கினார். தூக்கியவரைத் தூக்கிய இடத்திலா விடுவது? கூட்டிக்கொண்டுபோய்க் கதவடியில் வரிசையாக விட்டார். படுத்துக் கிடக்கிற சனம் இடிக்காது என்பதை அன்றுதான் அவர் கண்டுபிடித்தார். எழும்பியவர்களுக்கும் தூக்கிவிட்ட கையை இடிக்க மனம் வரவில்லை. புஸ்பம் அந்தப் பக்கத்தால் தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஆமிக்காரப் பொடியன் மெல்ல வந்து எட்டிப் பார்த்தான்.

"மாத்தயா... ஐயா, என்ன சத்தம்?"

புஸ்பம்தான் சொன்னாள்: "மனேச்சருக்கு இருமல்."

பொடியன் அவரை இரக்கத்தோடு பார்த்தான். சட்டைப் பையைத் துழாவி, இருமல் மிட்டாய் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனான்.

மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு தங்கராசா எண்ணெய் ஊற்றினார். புஸ்பத்தின் முறை கடைசியில் வந்தது. மூன்று கலனையும் வைத்தாள்.

"மூண்டு என்னத்துக்கு எண்டு நான் ஒருநாளும் கேக்கல்ல," என்றார்.

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன். ஒண்டு எனக்கு. ஒண்டு படுக்கையில கிடக்கிற என்ர மாமிக்கு. மத்தது ஒழுங்கை முடக்கில இரிக்கிற சீனித்தம்பியண்ணனுக்கு. கூப்பன் எல்லாம் இரிக்கி."

"சீனித்தம்பியண்ணனுக்குக் கண் தெரியாதே. விளக்கு என்னத்துக்கு?"

"அவருக்குத் தெரியாது. அவரப் பாக்க வாற எங்களுக்குத் தெரியுமே."

தங்கராசா பீப்பாவைச் சாய்த்துப் பிடித்து, அடியில் கிடந்ததையும் வடித்து ஊற்றினார்.

அப்போதுதான் தலைவர் இராசதுரை வந்தார். வெள்ளை வேட்டியின் முன்பக்கம் முழுக்க வடிகான் சேறு. சைக்கிளில் சந்தி திரும்பும்போது அவர் காதிலும் அந்தச் சத்தம் விழுந்திருக்கிறது. இத்தனை நேரம் வடிகானுக்குள் கிடந்து, ஊர் அமைதியான பிறகு எழுந்து வந்திருக்கிறார்.

"என்ன கலவரம் இஞ்ச?"

தங்கராசாவின் கண்ணில் அன்னப்பூரணியின் முதுகும் வாவித் தண்ணீரும் மாறிமாறி வந்தன.

"கலவரமா?" என்றாள் புஸ்பம். "ஆரு சொன்ன? எல்லாரும் கொஞ்ச நேரம் படுத்திருந்தம். மறுகா ஒழும்பி வரிசையா எண்ணெய் வாங்கினம். கதவப் பாருங்க, ஒரு கீறல் இரிக்கா? உங்கட வேட்டிக்கு என்ன நடந்த?"

தலைவர் கதவைப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். தான் படுத்திருந்த இடத்தைச் சொல்லாமல் அந்தச் சத்தத்தைப் பற்றிப் பேச அவருக்கு வழி இருக்கவில்லை. தங்கராசா ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, அவருக்கு முன்னாலும் குனிந்தார். இந்தக் குனிவு பழைய குனிவு இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. தலைவர் சேற்றைக் கழுவிக்கொண்டே, "பழுகாமத்துக்கு வேற ஆளப் பாப்பம்," என்றார்.

அடுத்த முறை லொறி வந்த அன்று தங்கராசா கதவைத் திறந்துகொண்டு படிக்கு வந்தார். சனம் சலசலத்துக்கொண்டு நின்றது. அவர் குனிந்து நிலத்தைத் தொட்டார், நெஞ்சைத் தொட்டார், நெற்றியைத் தொட்டார். வரிசையின் தலையில் சீதேவிப்பிள்ளை கைக்குழந்தையோடு நின்றாள். அவளுக்குப் பின்னாலிருந்து புஸ்பத்தின் குரல் வந்தது.

"மனேச்சர், முதல்லயே சொல்லிருங்க. இண்டைக்கு நிக்கிறதா, படுக்கிறதா?"