நாலு விரல் மேலே

குளியலறைக்குள் வந்தபோது அது கண்ணாடி மாதிரியே இல்லை. முகம் முழுக்க நீல பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. நாலடி நீளம், ஒன்றரை அடி உயரம், இருபது கிலோவுக்குக் குறையாத கனம். ஷார்ஜாவிலிருந்து லப்பைக்குடிக்காடு வரைக்கும் மூன்று போர்வைக்குள் உறங்கிக்கொண்டே வந்திருந்தது. நசீருதீன் ஒரு பக்கமும் ஆயிஷா பீவி ஒரு பக்கமுமாகத் தூக்கி வந்து, போர்வையை மடித்துப்போட்டு அதன்மேல் சாய்த்தார்கள். வெண்டிலேட்டர் வழியாக மத்தியான வெயில் விழுந்ததும் டைல்ஸ் சுவரெல்லாம் நீலம் பரவியது. வெள்ளாற்றில் தண்ணீர் ஓடிய காலத்தில் முங்கிக் கண் விழித்தால் இப்படித்தான் இருக்கும் என்று ஆயிஷாவுக்குத் தோன்றியது.

ஷார்ஜா ஓட்டல் குளியலறைகளில் கண்ணாடி மாட்டுவதுதான் நசீருதீனுக்கு இருபத்தாறு வருஷத்து வேலை. மாட்டுகிறவர்கள் தாளை உரிக்கக் கூடாதாம். அவர்கள் அடுத்த அறைக்குப் போன பிறகு, துடைக்கிற ஆட்கள் வந்து உரிப்பார்களாம். ஆயிரம் கண்ணாடி மாட்டியும் ஒன்றில்கூடத் தன் மூஞ்சியைப் பார்த்ததில்லை, எல்லாவற்றிலும் நீலமாய் ஒரு நிழல்தான் நிற்கும் என்று வந்த அன்றைக்குச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இந்த வீடும் அவருக்கு அப்படித்தான் இருந்தது, பாவம். அஸ்திவாரம் தோண்டியதிலிருந்து டைல்ஸ் ஒட்டியது வரைக்கும் அவள்தான் கூட நின்றாள். அவர் போனில் பார்த்தார். இன்றைக்கும் ஹால் விளக்கைப் போடுகிறேன் என்று சமையல்கட்டு விளக்கைப் போடுவார். "வூட்டுக்கு வந்த விருந்தாளி கணக்கா தடவுறீங்களே மச்சான்" என்று கேலி பண்ணுவாள். கட்டினவர் மாமி மகன்தானே, கேலிக்கு என்ன குறை.

வேலை முடிந்து ஊர் வந்த மூன்றாம் நாளே கம்பெனியிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். இன்னும் இரண்டு வருஷம் வரச் சொல்லி. இன்றைக்குச் சாயங்காலம் அசர் தொழுகைக்குள் பதில் சொல்ல வேண்டும். நாலு நாளாக இரண்டு பேரும் அந்தப் பேச்சைச் சுற்றிச் சுற்றி நடந்தார்களே தவிர, யாரும் அதைத் தொடவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை "போவாதீங்க" என்று சொல்லிவிட்டாள். அவரும் இருந்தார். இருந்த ஏழு மாதமும், பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தார். கடைசியில் அவளே பெட்டி கட்டிக் கொடுத்தாள். அதற்கப்புறம் அந்தச் சொல்லை நாக்கில் வைத்ததே இல்லை. அவராக வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தாள்.

வாய்க்கு முன்னால் அவருடைய பென்சில் பேசிவிட்டது.

வாஷ்பேசினுக்கு முன்னால் அவளை நிற்க வைத்து, கண்ணுக்கு நேராகச் சுவரில் ஒரு கோடு கிழித்தார். கண்ணாடியின் நடுப்பாகம் அங்கே வரவேண்டும் என்றார். ஓட்டலில் அளவெடுக்க ஆளே கிடையாது, எல்லா அறைக்கும் ஒரே உயரம், வீட்டில்தான் ஆள் பார்த்து மாட்டலாம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே அளவு டேப்பை இழுத்தார். கண்ணாடியின் மேல்விளிம்பு எங்கே வரும் என்று அவர் குறித்ததும், அவள் அவரை அந்த இடத்தில் நிற்கச் சொன்னாள். விளிம்பு அவருடைய கண்ணுக்குக் கீழே நின்றது. இப்படி மாட்டினால் அவருக்குத் தாடிதான் தெரியும்.

"ஒங்களுக்கு?"

அவர் டேப்பைச் சுருட்டினார். "நீதானே புள்ள பாக்கப் போற."

அவ்வளவுதான். ஒரு ஆள் உயரத்துக்கு மாட்டுகிற கண்ணாடி. கண்ணாடியைச் சொல்லி விடைபெறுகிறாரா மனுஷன்? துளை போடும்போது வழுக்காமல் இருக்க அவர் கோட்டுக்கு மேலே இரண்டு இடத்தில் செல்லோ டேப் ஒட்டினார். டிரில்லைக் கையில் எடுத்தார். முனை டேப்பில் பட்டது.

"அங்க போடாதீங்க," என்றாள். "பைப் போவுது."

பொய். பைப் பதிக்க இந்தக் குளியலறையில் கொத்தனார் சுவரில் பள்ளமாய்க் காடி வெட்டிய நாளில் அவள்தான் பக்கத்தில் நின்றாள். வாஷ்பேசின் பைப் தரையிலிருந்து வந்து குழாயோடு நின்றுவிடுகிறது. ஷவருக்குப் போகிற பைப் எதிர்ச்சுவரில். இந்தச் சுவர் வெறும் செங்கல்.

நசீருதீன் டிரில்லை இறக்கினார். விரல் மூட்டால் டைல்ஸைத் தட்டினார். குனிந்து குழாயைப் பார்த்தார், திரும்பி ஷவரைப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் சுவரைத் தட்டின கை, அதற்குத் தெரியாதா?

"அப்ப எங்க போடலாம்?"

"நாலு விரல் மேல."

அவர் அவளையே பார்த்தார்.

"சரி. எந்தப் பைப்பு எங்க போவுதுன்னு ஒனக்குத்தானே தெரியும்," என்று சொல்லி, எச்சில் தொட்டுப் பழைய கோட்டை அழித்தார். தன்னுடைய விரலையே வைத்து நாலு விரல் அளந்து, புதுக் கோடு கிழித்தார்.

டிரில் மெதுவாகச் சுற்றியது. டைல்ஸ் சூடாகாமல் இருக்க அவள் கையளவு கையளவாகத் தண்ணீர் விட்டாள். டைல்ஸ் பொடி கரைந்து வெள்ளைப் பால் மாதிரி சுவரில் வழிந்து வந்து அவளுடைய விரலையும் அவருடைய விரலையும் நனைத்தது. துளைக்குள் பிளாஸ்டிக் பிளக்கைத் தட்டி இறக்கி, கொக்கியை முடுக்கி, "பிஸ்மில்லாஹ்" சொல்லி இரண்டு பேருமாகத் தூக்கினார்கள். ஒரு மூச்சு நேரம் முழுக் கனமும் அவர்கள் கையிலேயே நின்றது. பிறகு டக்கென்று சுவர் வாங்கிக்கொண்டது.

நீலத்துக்குள் இரண்டு நிழல்கள், ஒன்று நெட்டையாக, ஒன்று குட்டையாக.

பழக்கதோஷம், அவர் ஸ்குரூடிரைவரையும் டேப்பையும் பொறுக்கிக்கொண்டு வெளியே போகத் திரும்பினார். அப்போது பார்த்து ஹாலில் போன் அடித்தது. கம்பெனியாகத்தான் இருக்கும்.

"தாள உரிக்காம எங்க போறீங்க? அந்த மூலையப் பிடிங்க மச்சான்."

அவர் போன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார். கையிலிருந்ததை வாஷ்பேசினில் வைத்தார். ஆளுக்கொரு மூலையை நகத்தால் நெம்பினார்கள். சர்ரென்று மேலிருந்து நீலம் இறங்கியது. முதலில் அவருடைய கண்கள் வந்தன. பிறகு அவளுடைய முக்காட்டின் ஓரம், நெற்றி, கண்கள். தாள் பாதியில் நின்றது. கீழே இன்னும் நீலம். கழுத்தளவு தண்ணீரில் இரண்டு பேர் நிற்கிற மாதிரி.

போன் ஓய்ந்து, மறுபடி அடித்தது. இரண்டு பேரும் பிடித்த மூலையை விடவில்லை.