மடிப்புக் கலையாத போர்வை

நாலாவது மாடிப் படியில் துணை வார்டனுக்கு மூச்சு வாங்கியது. மதிய வகுப்பு முடிய இன்னும் இருபது நிமிஷம்தான். அதற்குள் முப்பத்தொன்றாம் அறையைக் குடைந்துவிட்டு, யார் கண்ணிலும் படாமல் இறங்கியாக வேண்டும். மாற்றுச் சாவியைத் திருகி உள்ளே நுழைந்தவள், நேராகப் பால்கனியோரக் கட்டிலுக்குப் போய்ப் போர்வையைத் தடவினாள்.

மடிப்பு கத்தி முனை போல் நின்றது. சலவைக்காரர் சொன்னது பொய்யில்லை.

காலையில்தான் அந்த மனிதர் அலுவலகத்துக்கு வந்து தலையைச் சொறிந்தார். திங்கள்தோறும் பழைய போர்வையைக் கொடுத்தால், துவைத்துத் தேய்த்த போர்வை கிடைக்கும். அது விடுதி வழக்கம்.

"முப்பத்தொன்னுல ஒரு போர்வை மட்டும் அஞ்சு வாரமா நான் போட்ட மடிப்போடயே திரும்பி வருது மேடம். படுக்க வாங்குறாங்களா, கண்காட்சிக்கு வாங்குறாங்களா?"

போர்வைக்குச் சொந்தக்காரி ஒரு முதலாண்டுப் பெண். நடந்தால் சத்தமே கேட்காது என்பதால் விடுதியே அவளைப் பூனை என்றது. முதலாண்டு மாணவிகள் வளாகத்துக்குள் தங்கியே ஆக வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. பூனையும் இரவு ஒன்பதரைக்கும் காலை ஆறுக்கும் தவறாமல் கைரேகை வைத்திருக்கிறாள். வெளிக்கதவுக்கு இரண்டு பூட்டு. அப்படியானால் நடுவில் எங்கே போய்ப் படுக்கிறாள்?

எதிர்க்கட்டில், விடுதியில் பயில்வான் என்று பட்டப்பெயர் வாங்கிய பெண்ணுடையது. குண்டு எறிதல் வீராங்கனை. அந்தத் தோளைப் பார்த்தாலே மற்ற பெண்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். காலையில் கூப்பிட்டுக் கேட்டதற்கு, பூனை அறையில்தான் தூங்குகிறாள் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மடியில் கனமில்லாதவள் ஏன் சுவரைப் பார்க்க வேண்டும்?

துணை வார்டன் பயில்வானின் தலையணையைத் தூக்கினாள். அடியில் ஒரு பித்தளைச் சாவி. அதில் ஒன்பது என்று பொறித்திருந்தது.

அலுவலகச் சாவிப் பலகையில் ஒன்பதாம் கொக்கி காலியாகி ஒரு மாதத்துக்கு மேலாகிறது. பெருக்க வரும் அம்மாளை அதற்காக இரண்டு முறை கடிந்தும் ஆயிற்று. ஒன்பது என்றால் தரைத்தளத்தில் பழைய மெத்தைகளைப் போட்டு வைக்கும் அறை.

இரண்டிரண்டு படியாக இறங்கினாள். கதவில் தொங்கிய பூட்டு சாவிக்கு உடனே வாய் திறந்தது. ஜன்னல் இல்லாத அறை. கிழிந்த மெத்தைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் தரையில் விரிந்திருந்தது. அதன் மேல் வீட்டிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட விரிப்பு, தண்ணீர் பாட்டில், பூனையின் வேதியியல் நோட்டு. கதவின் உட்புறம் தாழ்ப்பாளே இல்லை. நெஞ்சு உயரத்தில் மரத்தை நகங்கள் கீறியிருந்தன. சில கீறல்கள் புத்தம் புதியவை.

தினமும் ஒரு பெண்ணை இந்தக் குகைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு, சாவியைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு இன்னொருத்தி நிம்மதியாகத் தூங்குகிறாள்!

போன வருஷம் இதே விடுதியில் ஒரு ராகிங் புகாரை, சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு என்று அப்போதிருந்த துணை வார்டன் அமுக்கினார். பெண் ஆஸ்பத்திரிக்குப் போனாள், அவர் வீட்டுக்குப் போனார். அந்த நாற்காலியில்தான் இவள் இப்போது உட்கார்ந்திருக்கிறாள். அதற்குப் பிறகு சட்டம் இறுகிவிட்டது. ராகிங் என்று எழுத்தில் போனால் அன்றைக்கே சீட்டு காலி.

அலுவலகத்துக்குத் திரும்பி ராகிங் புகார்க் கடிதத்தைத் தட்டச்சு செய்தாள். பயில்வானின் பதிவு எண்ணைப் போட்டாள். நான்கு மணிக்குள் பதிவாளர் மேஜைக்குப் போக வேண்டும். இருவரையும் வரவழைத்தாள்.

"நீதான் பூட்டினியா?"

"ஆமா மேடம்."

ஏன் என்று கேட்டதற்குப் பயில்வான் பூனையை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையில் மிரட்டல் இருந்ததாகத் துணை வார்டனுக்குப் பட்டது. அவளை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

"இனிமே பயப்படாதம்மா. அவ இன்னிக்கே மூட்டையைக் கட்டிடுவா" என்று பேனாவைத் திறந்தாள்.

"கையெழுத்துப் போடாதீங்க மேடம். பூட்டச் சொன்னதே நான்தான்."

துணை வார்டன் நம்பவில்லை. அடிபட்டவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். இதை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாள்.

"சேர்ந்த அன்னிக்கே கீழ ரூம் கேட்டேன். அது கடைசி வருஷத்துக்குன்னு நீங்கதான் சொன்னீங்க. வெளிய வீடு பார்த்துக்கிறேன்னு கேட்டேன். முதல் வருஷம் கூடவே கூடாதுன்னுட்டீங்க."

துணை வார்டனுக்கு ஞாபகம் வந்தது. சேர்க்கை நாள் நெரிசலில், நிமிர்ந்து முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்ன பதில்.

"காரணத்தைச் சொல்லியிருக்கலாமே?"

"படிவத்துல உடம்புக்கு ஏதாவது இருக்கான்னு கேட்டிருந்துச்சு. இருக்குன்னு எழுதினா சீட்டு போயிடும்னு அப்பா பயந்தாரு. இல்லைன்னு எழுதிட்டோம். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவகிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன்."

"கதவுல இருக்கிற கீறல்?"

"என்னோடதுதான். எப்பக் கீறினேன்னு தெரியாது. காலையில நகத்தைப் பார்த்தாதான் தெரியும்."

துணை வார்டனின் பேனா காகிதத்தை விட்டு எழுந்தது. "நாலாவது மாடியில உனக்கு அப்படி என்னதான் பயம்?"

பூனை தன் விரல்களைப் பார்த்தாள்.

"முதல் வாரம் பால்கனி சுவர் மேல நின்னுட்டிருந்தேனாம். அவதான் இடுப்பைப் பிடிச்சு இழுத்துப் போட்டிருக்கா. எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்லை. நான் தூக்கத்துல நடப்பேன் மேடம்."