முழுக்கைச் சட்டை

தம்பி யோசெப் காரை நிறுத்துவதற்குள் கிறேஸ் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். சப்பாத்தில் இன்னும் அந்தத் தீவின் சேறு காய்ந்திருந்தது. விமான நிலையத்திலிருந்து நேரே வருகிறாள். செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்த பியூனரல் ஹோம் மண்டபத்தில் அப்பா நீக்கிலாப்பிள்ளை அவளுக்காகக் காத்திருந்தார். மகள் வந்து நெற்றியில் முத்தமிடாமல் பெட்டியை மூடக்கூடாது என்று அம்மா பிலோமினம்மா ஒற்றைக்காலில் நின்றதால், அவரை நாட்கணக்கில் குளிர் அறையில் வைத்திருந்தார்கள். மட்டக்களப்பு வெயிலில் வளர்ந்த மனுஷன். ஒவ்வொரு நவம்பரிலும் இந்த நாட்டுக் குளிரை வாய் ஓயாமல் திட்டியவர். அவருக்கா இது?

கிறேஸுக்கு டவுன்டவுனில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை. தீவு நோர்வேயின் வடகோடியில் இருந்தது. அவளைப் போன்ற வடிவமைப்பாளர்களில் சிலரை மட்டும் அழைத்துச் சில வாரம் தங்கவைக்கும், எல்லாரும் ஆசைப்படும் இடம். பாறைமேல் மரக் குடில்கள், ஒவ்வொன்றிலும் கடலைத் தவிர வேறொன்றும் தெரியாதபடி வெட்டிய ஒரேயொரு சன்னல். தொலைபேசி கிடையாது, அதுதான் பெருமை. ஜூனில் சூரியன் மறைவதுமில்லை. அழைப்பு வந்த நாளிலிருந்து நீக்கிலாப்பிள்ளை கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். மகளிடம் அவருக்கு ஒரே கேள்விதான்.

"அப்ப அங்க கோழி எந்நேரம் கூவும்? பாத்துவந்து சொல்லு மனே."

மண்டப வாசலிலேயே பிலோமினம்மா அவளைக் கட்டிக்கொண்டார். "எங்கள மன்னிச்சிரு மனே. உனக்குச் சொல்லாம விட்டது நாங்கதான். பயணம் போற பிள்ளையிட்ட வருத்தத்தச் சொல்லக் கூடாதெண்டு அப்பா சத்தியம் வாங்கிப்போட்டார்."

பிறகு அழுகைக்கிடையே எல்லாவற்றையும் சொன்னார். ஈரலில் வந்த நோய். அவள் புறப்படுவதற்கு முதல்நாள் டாக்டரிடம் கெஞ்சி, அப்பாவைச் சில மணிநேரம் வீட்டுக்குக் கொண்டுவந்து, முகச்சவரம் செய்து சோபாவில் இருத்தியது. அவள் விடைபெற்றுப் போனதும் திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. நானாவது சொல்லியிருக்க வேண்டும் அக்கா என்று பக்கத்தில் நின்ற யோசெப்பும் கண்ணைத் துடைத்தான். கிறேஸ் இருவரின் கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். இவர்கள் தன்னிடம் மன்னிப்புக் கேட்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவள் விடைபெற வந்த அன்று நல்ல வெக்கை. வீட்டில் பெனியனோடு திரியும் அப்பா முழுக்கைச் சட்டை போட்டு, பொத்தானெல்லாம் பூட்டி உட்கார்ந்திருந்தார். தேநீர்க் கோப்பைக்குக் கை நீட்டியபோது சட்டைக் கை மேலேறியது. மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்டிக் பட்டி. அவர் சட்டென்று இழுத்து மறைத்தார். அவள் சட்டென்று டிவியைப் பார்த்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். சொல்லியிருந்தால் போக முடியாது. அவள் கேட்கவில்லை.

தீவுக்குப் படகேறிய துறையிலும் ஒரு தொலைபேசிக் கூண்டு இருந்தது. இதற்குப் பிறகு தொலைபேசி இல்லை, பேசுவதென்றால் இப்போதே பேசிவிடு என்று படகுக்காரர் சொன்னார். பேசுவதற்கு யாருமில்லை என்று சொல்லிவிட்டு ஏறினாள். தீவில் சந்தோஷமாகவும் இருந்தாள். சாமான் கொண்டுவந்த படகில் அந்தச் செய்தி வரும்வரை சந்தோஷமாகவே இருந்தாள்.

"நீ ஒண்டும் அறியாமப் போனதுதான் அவருக்கு ஆறுதல்," என்றார் அம்மா. "கடைசியாயும் அதத்தான் கேட்டார். பிள்ளைக்கு விளங்கல்லத்தானே எண்டு."

கிறேஸ் வாயைத் திறந்தாள். அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுது வீங்கிய கண்களில் அந்த ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது.

"இல்லம்மா," என்றாள். "எனக்கு ஒண்டும் விளங்கல்ல."

பிலோமினம்மா பெருமூச்சு விட்டார். கணவர் சொன்னதைச் சரியாகச் செய்து முடித்தவரின் பெருமூச்சு அது. பிறகு மகளைப் பெட்டியருகே அழைத்துப் போனார்.

அப்பாவுக்கு அதே முழுக்கைச் சட்டைதான் போட்டிருந்தார்கள். கோர்த்திருந்த விரல்களில் செபமாலை. நெற்றி அவள் நினைத்ததைவிடக் குளிர்ந்திருந்தது. முத்தமிட்டுவிட்டு அவர் காதருகே குனிந்தாள்.

"அங்க கோழி இல்லப்பா."

நிமிரும்போது கண்டாள். செபமாலையைச் சுற்றியபோது சட்டைக் கை ஒதுங்கி மணிக்கட்டு வெளியே தெரிந்தது. பட்டியை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். அதன் தடம் மட்டும் தோலில் மெல்லிசாகப் பதிந்திருந்தது. யோசெப் குருவானவரை அழைத்துவரப் போயிருந்தான். அம்மா பின்னால் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். கிறேஸ் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டு, பொத்தானைப் பூட்டினாள்.