மறுபூசை போடாத மிஷின்

கந்தம்மாளின் முதுகெலும்பு திரையில் வந்தது. கூடவே வேண்டாத ஒன்றும் வந்தது. படத்தின் குறுக்கே, சாக்குப்பை தைத்த மாதிரி, வெள்ளைப் புள்ளிகளாக ஒரு கோடு. ஸ்கேன் எடுக்கிற அறிவுச்செல்வி மறுபடி எடுத்தாள். கோடு அதே இடத்தில் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

“ஏங்கண்ணு, இன்னொருக்காவா?” கோழிப்பண்ணையில் தீவன மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு போன கந்தம்மாள் உள்ளிருந்து கத்தினாள். “லாரிக்குப் பாடி கட்டற மாதிரியே தட்டுது. எனக்குப் பாடி கட்டி ரோட்டுல ஓட்டப் போறீங்களா?”

சிரிக்கிற நிலையில் அறிவுச்செல்வி இல்லை. முதலாளி தண்டாயுதபாணி பின்னாலேயே நின்றார். நாமக்கல்லில் லாரிப் பாடி கட்டிச் சம்பாதித்ததை இந்த எம்ஆர்ஐ மிஷினில் கொட்டியவர். பட்டறையில் யார் தப்புச் செய்தாலும் ஆளை மாற்றுவார். அவரே தப்புச் செய்தாலும் ஆளைத்தான் மாற்றுவார்.

“நேத்து ஆயுத பூசையன்னிக்கு நல்லாருந்த மிஷினு, விடிஞ்சதும் கெட்டுப்போச்சுன்னா என்ன புள்ள அர்த்தம்? பெங்களூர்ல இருந்து இஞ்சினியரு கெளம்பீட்டாரு. உன்ற தப்புன்னு அவுரு சொன்னாருன்னா, நாளைலிருந்து நீ வரவே வேண்டாம்.”

சொல்லிவிட்டு டீக் குடிக்கப் போய்விட்டார்.

அப்பா போர் போடுகிற ரிக் வண்டியில் குழாய் தூக்கிப் படிக்க வைத்த படிப்பு. இந்த வேலை போனால் நாமகிரிப்பேட்டையில் அம்மாவோடு மஞ்சள் காட்டில் குனிய வேண்டியதுதான்.

கந்தம்மாளை இறக்கி உட்கார வைத்தாள். ஆளுக்குப் பதிலாகச் சோதனைக்கு வைக்கிற தண்ணீர்ப் புட்டியைப் படுக்கையில் வைத்து எடுத்தாள். கோடு வந்தது. சரி, கந்தம்மாள் மேல் குற்றமில்லை. உடம்பிலிருந்து வரும் அலையைப் பிடிக்கிற முதுகுக் காயிலைக் கழற்றிவிட்டுத் தலைக் காயிலை மாட்டினாள். வந்தது. உள்விளக்கை அணைத்தாள். அப்போதும் வந்தது. அப்படியென்றால் வெளியிலிருந்து ஏதோ நுழைகிறது. ரேடியோ அலை ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது என்றுதான் அறை முழுக்கச் செம்புத் தகடு அடித்திருக்கிறது. திறந்து மூடுகிற இடம் கதவு ஒன்றுதான்.

கதவின் விளிம்பைப் பார்த்தாள். சீப்புப் பல் மாதிரி சுற்றிலும் செம்பு இதழ்கள். அவை நிலையோடு ஒட்டினால்தான் அறை அடைபடும். அந்த இதழ்கள் மேல் நாலு பக்கமும், செம்பு நிலையைத் தொடவிடாமல், காய்ந்து இறுகிய சந்தனம், அதற்கு மேல் குங்குமம்.

நேற்று அவளுக்கு லீவு. பூசை செய்தது யார் என்று விசாரிக்கத் தேவையே இல்லை. மூன்று விரல் பட்டையில் நடுக்கோடு மட்டும் குட்டை. தண்டாயுதபாணியின் நடுவிரலில் பாதியைத் தகடு வெட்டுகிற மிஷின் எப்போதோ தின்றுவிட்டது.

அவளே துடைத்துவிடலாம். ‘நீ கெடுத்த, நீயே சரி பண்ணீட்ட’ என்பார். நேராகச் சொல்லலாம். சொன்னால் நாளைக்கு ஆள் மாறும். அறிவுச்செல்வி முகத்தைச் சாதுவாக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போனாள்.

“ஏனுங்க முதலாளி, பட்டறையில ஆயுத பூசை முடிஞ்சா, மக்காநாளு அப்படியே மிஷின ஓட்டுவீங்களா?”

“அதெப்படிப் புள்ள ஓட்டறது? மறுபூசை போட்டு, சந்தனத்தத் தொடச்சு, அப்பறந்தான் சுச்சு.”

“இங்க மறுபூசை போட்டீங்களா?”

டீக் கிளாஸ் பாதி வழியில் நின்றது.

“அட, ஆமா! அதான் மிஷினு கோவிச்சுக்கிச்சு!”

“பூசுன கைதானுங்க எடுக்கோணும்.” கதவருகே கூட்டி வந்து ஸ்பிரிட்டையும் துணியையும் கொடுத்தாள். “சாவி, போனு எல்லாம் வெளிய வெச்சுருங்க.”

“சூடம்?”

“அலாரம் கத்துமுங்க. மனசுக்குள்ளயே ஏத்திக்குங்க.”

மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தகட்டோடு பழகிய கை, ஒரு இதழ்கூட வளையவில்லை. பாதிக் கதவு முடிந்தபோது அந்தக் கை நின்றது. பட்டையைப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார். பிறகு அந்த இடத்தை மட்டும் ரொம்ப வேகமாகத் துடைத்தார்.

கந்தம்மாள் மறுபடி படுத்தாள். படம் வந்தது. கோடு இல்லை.

“பெயிண்டும் அடிச்சு முடிச்சுட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டே இறங்கினாள்.

இஞ்சினியர் தீனதயாளன் தர்மபுரியைத் தாண்டியிருந்தார். அறிவுச்செல்வி போன் போட்டாள்.

“சரியாயிருச்சா? எப்படி மேடம்?”

“கதவுச் செம்புல அழுக்குங்க சார். தொடச்சோம்.”

“என்ன அழுக்கு? நான் ரிப்போர்ட் எழுதணும்.”

போனைக் கையால் பொத்திக்கொண்டு முதலாளியைப் பார்த்தாள். “என்னன்னு சொல்லட்டுங்க?”

“தூசின்னு சொல்லு சாமி.” காலையிலிருந்து புள்ளயாக இருந்தவள் சாமியாகிவிட்டாள்.

“நாளைக்கு நான் வரட்டுங்களா?”

“வராம? நேரத்தோட வா.”

“அடுத்த ஆயுத பூசைக்குங்க?”

“எல்லாம் நீயே வெய்யி. நான் அந்தக் கதவுகிட்டயே வல்ல.”

பொத்திய கையை எடுத்தாள். “தூசிதானுங்க சார். எழுதிக்குங்க, ரெண்டரை விரல் அகலம்.”

தண்டாயுதபாணி வலது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.